குடிநோயை வென்று கூட்டம் அமைத்த பில் வில்சன்

எம்மவர் வாழும் வீடுகளில் ஊர்ப் பெயரும் சாதிப் பெயரும்கூடப் பேசப்படுகின்றன. ஆனால் ஒரு நோயின் பெயர் மட்டும் பேசப்படுவதில்லை. இரவு வேலை முடிந்து வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே குடிக்கும் இளைஞனைப் பற்றியும், அகதி விண்ணப்பத்திற்கு ஆண்டுக்கணக்கில் பதில் வராத ஏக்கத்தைப் போத்தலில் கரைக்கும் குடும்பத் தலைவனைப் பற்றியும் நாம் அறிவோம். அறிந்தும், அது அவரவர் குணம் என்று கூறி ஒதுங்கிக்கொள்கிறோம். குடி குடியைக் கெடுக்கும் என்ற பழமொழியைச் சொல்வதோடு எமது கடமை முடிந்துவிடுகிறது. குடித்தவன் எங்கே போய் உதவி கேட்பது என்பதை எவரும் சொல்லித் தருவதில்லை.

இன்று உலகின் பல நகரங்களில், தேவாலயக் கீழ்த்தளங்களிலும் சமூக நிலையங்களிலும், குடியிலிருந்து மீள விரும்புவோர் மாலை வேளைகளில் கூடியிருந்து பேசுகின்றனர். அக்கூட்டங்களுக்கு வித்திட்ட அமெரிக்கர் ஒருவரின் வாழ்க்கையை நாம் இங்கு நோக்குவோம். அவர் மகானல்லர், மருத்துவரும் அல்லர். குடியால் தொழில், வீடு, மானம் அனைத்தையும் இழந்த ஒருவரே அவர்.

வில்லியம் கிரிபித் வில்சன் 1895 நவம்பர் 26ஆம் நாள் அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்தில், கிழக்கு டோர்செட் என்னும் சிற்றூரில் பிறந்தார். சலவைக்கல் வெட்டும் மலைகள் சூழ்ந்த ஊர் அது. தந்தை கற்சுரங்கத் தொழிலில் இருந்தவர், குடிப்பழக்கமும் உடையவர். பில்லுக்குப் பத்து வயதளவில் தந்தை குடும்பத்தைவிட்டு நீங்கினார். தாய் மருத்துவம் பயில்வதற்காகப் பொஸ்டன் நகருக்குச் சென்றார். பில்லும் தங்கையும் தாய்வழிப் பாட்டன் பாட்டியின் பராமரிப்பில் விடப்பட்டனர். பெற்றோர் ஒரு நாட்டிலும் பிள்ளைகள் வேறொரு நாட்டிலுமாக வாழும் எமது குடும்பங்களுக்கு இத்தகைய பிரிவு என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

எறிந்தவனிடமே திரும்பி வரும் பூமராங் என்னும் வளைதடியை அவுஸ்திரேலியப் பழங்குடியினரைத் தவிர வேறு எவராலும் செய்ய முடியாது என்று பாட்டனார் ஒருநாள் கூறினாராம். சிறுவன் அதைச் சவாலாக ஏற்றான். மாதக்கணக்கில் மரம் செதுக்கி, ஈற்றில் திரும்பி வரும் தடியொன்றைச் செய்தும் காட்டினான். எதிலும் முதல்வனாக வேண்டும் என்ற வேகம் அன்றே அவனிடம் குடிகொண்டுவிட்டது. ஆனால் 1912இல் அவன் நேசித்த பள்ளித் தோழி சத்திரசிகிச்சையின்போது இறந்துபோனாள். அதன்பின் நெடுநாள் மனச்சோர்வு அவனைப் பீடித்தது. வேகமும் சோர்வும் மாறிமாறி ஆட்டிய மனம் அது.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது வில்சன் பீரங்கிப் படையின் இளம் அதிகாரியானார். 1917இல் மாசசூசெற்ஸ் மாநிலத்தின் நியூபெட்போர்ட் நகரில், செல்வர் வீட்டு விருந்தொன்றில் முதன்முதலாக மதுவை அருந்தினார். சபையில் வாய் திறக்கக் கூசிய இளைஞனுக்கு அந்தக் கணமே கூச்சம் அகன்றது. தாமும் பிறரோடு சமமானவர் என்ற உணர்வு பிறந்தது. தனிமைக்கும் தாழ்வுணர்வுக்கும் மருந்து கிடைத்துவிட்டதாக அவர் எண்ணினார். எம் இளைஞர் பலர் அந்நிய நாட்டில் முதற் கிண்ணத்தை எடுப்பதும் இதே எண்ணத்துடன்தான்.

1918 ஜனவரி 24ஆம் நாள் புரூக்ளின் மருத்துவர் ஒருவரின் மகளான லொயிஸ் பேர்ணமை அவர் மணந்தார். போர் முடிந்து பிரான்சிலிருந்து திரும்பியபின் நியூயோர்க்கில் குடியேறி, இரவு வகுப்பில் சட்டம் பயின்றார். குடியால் அதை முழுமையாக முடிக்கவில்லை. பங்குச் சந்தை அவரை ஈர்த்தது. 1925இல் கணவனும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் ஏறி, கூடாரத்தில் தங்கி, ஊரூராகச் சென்று தொழிற்சாலைகளின் உண்மை நிலையை ஆராய்ந்தனர். அந்த அறிக்கைகளுக்கு வோல்ஸ்ட்ரீட் முதலாளிகள் பணம் கொடுத்தனர். செல்வம் பெருகியது; குடியும் பெருகியது. 1929இல் பங்குச் சந்தை சரிந்தபோது செல்வம் போயிற்று. குடி மட்டும் எஞ்சியது.

புரூக்ளினில் மனைவியின் பெற்றோருக்குரிய வீட்டில் அவர்கள் தஞ்சமடைந்தனர். லொயிஸ் பெரிய அங்காடியொன்றில் விற்பனைப் பெண்ணாக வேலை செய்து வீட்டைக் காத்தார். கணவரோ பகலில் தனியே குடித்தார். வேதப் புத்தகத்தில் சத்தியம் எழுதிக் கொடுத்தார், மீறினார், மீண்டும் எழுதினார். அந்தச் சத்தியங்கள் பொய்யானவை அல்ல. எழுதும் வேளையில் அவர் அவற்றை மனமார நம்பினார். குடிநோயாளியின் வாக்குறுதியைக் கேட்டுக் கேட்டு மனம் மரத்துப்போன பெண்கள் எம்மிடையேயும் உள்ளனர். அவர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று வாசிப்பார்களாக.

நியூயோர்க்கிலிருந்த டவுண்ஸ் மருத்துவமனையில் வில்சன் நான்கு முறை சேர்க்கப்பட்டார். அங்கே வில்லியம் சில்க்வேர்த் என்ற வைத்தியர் அக்காலத்துக்குப் புதிய கருத்தொன்றை அவரிடம் எடுத்துரைத்தார். கட்டுக்கடங்காத குடி வெறும் ஒழுக்கக்கேடு அன்று. உடலும் மனமும் ஒருங்கே பாதிக்கப்படும் நோய் என்பதே அக்கருத்து. குற்றவாளிக் கூண்டில் நின்றவரை நோயாளியின் கட்டிலுக்கு மாற்றியது அந்த விளக்கம். எனினும் அறிவு மட்டும் போதவில்லை. வெளியே வந்தார், மீண்டும் குடித்தார்.

1934 நவம்பரில் எபி தாச்சர் என்னும் பழைய நண்பர் வீடு தேடி வந்தார். அவரும் பெருங்குடியர். ஆனால் அன்று நீட்டிய கிண்ணத்தை அவர் ஏற்கவில்லை. ஒக்ஸ்போர்ட் குழு என்ற சமயக் குழுவில் சேர்ந்து குடியை விட்டுவிட்டதாகத் தெரிவித்தார். புத்திமதி எதுவும் கூறாமல் தமக்கு நேர்ந்ததை மட்டும் சொல்லிச் சென்றார். கடவுள் நம்பிக்கையில் ஐயம் கொண்டிருந்த வில்சனின் உள்ளத்தை அது உறுத்தியது. டிசெம்பர் 11ஆம் நாள் அவர் நான்காவதும் கடைசியுமான தடவையாக மருத்துவமனைக்குள் நுழைந்தார். சில நாட்களில், ஆழ்ந்த மனமுறிவின் நடுவே, அறை முழுதும் ஒளி நிறைந்தது போன்ற அனுபவம் அவருக்கு ஏற்பட்டது. அது இறையருளா, கொடுக்கப்பட்ட மருந்தின் விளைவா என்று இன்றும் விவாதிக்கின்றனர். எதுவாயினும், அதன்பின் இறக்கும்வரை 36 ஆண்டுகள் அவர் குடிக்கவில்லை.

இனித்தான் அவருடைய வாழ்க்கையின் முக்கிய கட்டம் வருகிறது. குணமடைந்த வில்சன் கண்ட குடிகாரருக்கெல்லாம் தமது ஒளி அனுபவத்தை உபதேசித்தார். ஐந்து மாதங்களில் ஒருவரேனும் குடியை விடவில்லை. மனம் சோர்ந்தபோது லொயிஸ் ஓர் உண்மையைச் சுட்டிக் காட்டினார். மற்றவர்கள் திருந்தாவிடினும் அவர் குடிக்காமல் இருக்கிறாரே என்பதுதான் அது. உபதேசத்தை நிறுத்தி, நோயைப் பற்றி முதலில் பேசுமாறு வைத்தியர் சில்க்வேர்த்தும் அறிவுறுத்தினார்.

1935 மே மாதம், கொம்பனியொன்றின் கட்டுப்பாட்டைக் கைப்பற்றும் முயற்சிக்காக வில்சன் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகருக்குச் சென்றார். முயற்சி தோற்றது. உடன் வந்தவர்கள் திரும்பிவிட்டனர். மே 11, சனிக்கிழமை; அன்னையர் தினத்திற்கு முந்திய நாள். அறிமுகமற்ற நகரம். பையிலே சொற்பப் பணம். மேபிளவர் ஹொட்டேலின் கூடத்தில் அவர் தனியே உலாவினார். ஒரு புறம் மதுச்சாலை. உள்ளேயிருந்து சிரிப்பொலி கேட்டது. மறுபுறம் நகரத் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும் தொலைபேசியும் இருந்தன. ஒரு கிண்ணம் குடித்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. அக்கணத்தில் அவரைப் பயம் பிடித்தது.

அவர் தொலைபேசியின் பக்கம் திரும்பினார். பட்டியலிலிருந்து ஒரு போதகரின் பெயரைத் தெரிந்து அழைத்தார். தாம் ஒரு குடிநோயாளி என்றும், தம்மைக் காத்துக்கொள்ளப் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்றும் கூறினார். இதைவிட விசித்திரமான வேண்டுகோளை அப்போதகர் கேட்டிருக்கமாட்டார். ஆயினும் சில பெயர்களைக் கொடுத்தார். ஒன்றன்பின் ஒன்றாக அழைத்து, ஈற்றில் ஹென்றியேற்றா சைபர்லிங் என்ற பெண்மணியை வில்சன் அடைந்தார். குடியால் அழிந்துகொண்டிருந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவருக்காகப் பிரார்த்தித்து வந்தவர் அவர். வில்சனை உடனே வரச் சொன்னார்.

அந்த வைத்தியர் றொபேட் ஸ்மித். சனியன்று அவர் சந்திக்கும் நிலையில் இல்லை. அன்னையர் தினத்திற்காக மனைவிக்கு ஒரு பூஞ்செடியை வாங்கி வந்து, மிதமிஞ்சிய போதையில் வீட்டில் வீழ்ந்து கிடந்தார். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, பதினைந்து நிமிடம் மட்டுமே இருப்பேன் என்ற நிபந்தனையுடன் வந்தார். இருவரும் இரவு பதினொரு மணிக்குப் பின்னரும் பேசிக்கொண்டிருந்தனர். ஸ்மித்தும் வேர்மொன்ட் மாநிலத்தில் பிறந்தவர். ஆனால் அவரை இருக்கச் செய்தது ஊர்ப்பாசம் அன்று. வந்தவர் தமக்கு உதவி செய்ய வரவில்லை, உதவி நாடி வந்திருக்கிறார் என்பதே அவரை இருத்தியது. முதன்முறையாக, தம் நோயை அனுபவத்தால் அறிந்த ஒருவரோடு அவர் பேசினார்.

கதை அத்துடன் சுபமாக முடியவில்லை. சில வாரங்களின் பின் மருத்துவ மாநாட்டுக்குச் சென்ற ஸ்மித் மீண்டும் நாட்கணக்கில் குடித்தார். திரும்பியதும் ஒரு சத்திரசிகிச்சை காத்திருந்தது. கைநடுக்கம் அடங்க வில்சனே அன்று காலை அவருக்கு ஒரு பியர் கொடுத்தார். அதுவே ஸ்மித்தின் கடைசிக் குடி. 1935 ஜூன் 10 என்ற அந்நாளையே அவ்வியக்கம் தனது பிறந்த நாளாகக் கொண்டாடுகின்றது. சறுக்கி விழுந்தவரைத் துரத்தாமல் மீண்டும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அன்றே தொடங்கிற்று.

இருவரும் உள்ளூர் மருத்துவமனைக்குச் சென்று மூன்றாமவர் ஒருவரைத் தேடிப் பிடித்தனர். நியூயோர்க் திரும்பிய வில்சன் தம் வீட்டிலேயே செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் நடத்தினார். நாலாண்டுகளில் சுமார் நூறு பேர் மீண்டனர். அவர்களின் அனுபவத்தைத் திரட்டி 1939 ஏப்ரலில் ஒரு நூல் வெளியாயிற்று. 'அல்ககோலிக்ஸ் அனோனிமஸ்' என்ற அந்நூலின் பெயரே இயக்கத்தின் பெயருமாயிற்று. பெயர் வெளியிடாத குடிநோயாளர் என்பது அதன் பொருள். மீட்சிக்கான பன்னிரண்டு படிகள் அதில் விளக்கப்பட்டன. இறைவனை அவரவர் தத்தம் அறிவுக்கு எட்டியவாறு கொள்ளலாம் என்ற இடமும் அப்படிகளில் வைக்கப்பட்டது. நம்பிக்கையற்ற உறுப்பினர்கள் வாதாடிப் பெற்ற இடம் அது. சைவரோ கத்தோலிக்கரோ இஸ்லாமியரோ நாத்திகரோ எவரும் உள்ளே வர அவ்வாசல் திறந்திருக்கிறது.

நூல் வெளியான அதே மாதம் வங்கி அவர்களது வீட்டை எடுத்துக்கொண்டது. ஈராண்டு காலம் பில்லும் லொயிசும் வீடற்றோராய், நண்பர்களின் அறைகளிலும் விடுமுறைக் குடில்களிலும் மாறிமாறித் தங்கினர். ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் மூட்டையை அவிழ்த்துக் கட்டியதாகக் கணக்கு. உலகெங்கும் இலட்சக்கணக்கானோருக்கு வாழ்வு தந்த பணி, தலைக்கு மேல் கூரையில்லாத ஒரு தம்பதியால் நடத்தப்பட்டது என்பதை அகதிகளாகிய நாம் மனத்திற் கொள்ளல் தகும்.

பெருஞ்செல்வர் ஜோன் டி. றொக்பெல்லரின் மகனிடம் உதவி கேட்கப்பட்டபோது, 1938இல் 5,000 டொலரை மட்டும் கொடுத்து, அதிக பணம் இப்பணியைக் கெடுத்துவிடும் என்று அவர் மறுத்தார். அன்று ஏமாற்றமாகத் தோன்றிய அம்மறுப்பு பின்னர் கொள்கையாயிற்று. இன்றும் அவ்வியக்கம் வெளியாரிடம் நன்கொடை பெறுவதில்லை. 1941 மார்ச்சில் 'சற்றர்டே ஈவினிங் போஸ்ற்' இதழ் வெளியிட்ட கட்டுரை நாடெங்கும் அறிமுகத்தைத் தந்தது. சுமார் 2,000 ஆக இருந்த உறுப்பினர் தொகை அவ்வாண்டு முடிவில் 8,000 ஆயிற்று.

வில்சனுக்குக் குறைகள் பல. 1940களின் நடுவிலிருந்து ஏறக்குறையப் பத்தாண்டுகள் கடும் மனச்சோர்வு அவரை வாட்டியது. இல்வாழ்வில் அவர் மனைவிக்கு உண்மையாய் இருக்கவில்லை என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். புகைப்பழக்கத்தை நெடுங்காலம் விடமுடியாது தவித்தார். ஆனால் புகழாசை மிக்க அவர் அதற்கு அணைகட்டக் கற்றுக்கொண்டார். 1954இல் யேல் பல்கலைக்கழகம் அளிக்க முன்வந்த கௌரவப் பட்டத்தை ஏற்கவில்லை. 1955இல் சென் லூயிஸ் மாநாட்டில் தலைமைப் பொறுப்பை உறுப்பினர்களின் பிரதிநிதிகளிடமே கையளித்தார். தலைவரைத் தெய்வமாக்கிப் பழகிய சமூகங்களுக்கு இது சிந்திக்க வேண்டிய செய்தி.

லொயிசின் பணியையும் கூறாமல் விடலாகாது. குடிப்பவரோடு வாழும் மனைவி மக்களும் நோயின் பாதிப்புக்கு உள்ளாகின்றனர் என்பதைத் தம் வாழ்விலே கண்ட அவர், 1951இல் குடும்பத்தினருக்காக 'அல்-அனொன்' என்ற அமைப்பை இன்னொரு பெண்மணியுடன் சேர்ந்து உருவாக்கினார். குடிப்பவர் வர மறுத்தாலும் குடும்பத்தினர் அங்கே செல்லலாம்.

நுரையீரல் நோயால் வருந்திய வில்சன் 1971 ஜனவரி 24ஆம் நாள், தமது 53ஆவது திருமண நாளன்று, மயாமியில் காலமானார். இறுதி நாட்களில் அவர் விஸ்கி கேட்டதையும், அது கொடுக்கப்படாததையும் தாதியரின் குறிப்புகள் பதிவு செய்துள்ளன. இதை மறைக்கத் தேவையில்லை. 36 ஆண்டுகளின் பின்னும் அந்நோய் உறங்கியே கிடந்தது. ஒவ்வொரு நாளும் அவர் அதை வென்றே வாழ்ந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிறந்த ஊரிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று அக்கூட்டங்கள் ஏறத்தாழ 180 நாடுகளில் நடைபெறுகின்றன. தமிழ்நாட்டில் தமிழிலேயே நடக்கின்றன. உறுப்பினர் சுமார் 20 இலட்சம் என இயக்கம் கணிப்பிடுகின்றது. இத்தகைய முறை மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று என்றும், குடியை முற்றாக விட்டிருப்பதில் பெரும்பாலும் மேலான பயன் தருகின்றது என்றும் 2020இல் வெளியான கொக்ரேன் ஆய்வு மதிப்பீடு தெரிவித்தது. எனினும் இதுவே ஒரே வழி என்று நாம் கூறவில்லை. மருந்தும் உளவள ஆலோசனையும் பலருக்குத் துணை செய்கின்றன.

கூட்டத்தைத் தேடுவோர் அறிய வேண்டியவை சில. பெரும்பாலான நாடுகளில் இயக்கத்தின் தொலைபேசி இலக்கமும் இணையத்தளமும் உள்ளன. ஊரின் பெயரைக் கூறினால் இடத்தையும் நேரத்தையும் அறியலாம். வீட்டிலிருந்தே கணினி வழியாகச் சேரும் கூட்டங்களும் உண்டு. கட்டணம் இல்லை, சுற்றிவரும் தட்டில் விரும்பியவர் விரும்பியதை இடலாம். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. வதிவிட அனுமதி உண்டா, அகதி விண்ணப்பம் எந்நிலையில் உள்ளது என்று அங்கே எவரும் கேட்பதில்லை; முதற்பெயர் மட்டும் போதும். பேச விரும்பாவிடில் கேட்டுக்கொண்டிருக்கலாம். திறந்த கூட்டம் எனக் குறிப்பிடப்பட்டதற்குக் குடிக்காதவரும் வரலாம் என்பதால், மொழி தெரியாதவர் நம்பிக்கைக்குரிய ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். மூடிய கூட்டம் குடிநோயாளருக்கு மட்டுமே உரியது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் உண்டாகலாம்; உயிராபத்தும் நேரலாம். அத்தகையோர் முதலில் வைத்தியரை நாட வேண்டும். வீட்டார் போத்தலை ஒளித்து வைப்பது சிகிச்சையாகாது.

முதற் கூட்டத்தில் மனம் ஒட்டாவிடில் வேறொன்றிற்குச் செல்லலாம். வில்சனும் அக்ரன் நகரில் முதல் அழைப்பிலேயே ஸ்மித்தைக் கண்டுவிடவில்லை. அன்று அவருக்குச் செல்வதற்கு ஒரு கூட்டமும் இருக்கவில்லை. அந்நியர்களை ஒவ்வொருவராக அழைத்து, தம் நோயைத் தம் வாயாலேயே சொல்லவேண்டி இருந்தது. இன்று எம்மவருக்கு அந்த அழைப்பில் ஒன்று மட்டும் போதும். எம் அறையில், எம் வீட்டில், எம் உறவில் அத்தகைய ஒருவர் இருப்பாராயின், இப்பத்திரிகையை மடித்து வைத்தபின் அவரோடு பேசுவோம். ஏசுவதற்காக அன்று, தொலைபேசி எடுக்கும்போது பக்கத்தில் இருப்பதற்காக.